மூலம் எத்தனை வகை

ஜூன் 11, செவ்வாய்

மருந்துக்கடையில் இன்று தலை நிமிர நேரமில்லை. நின்று நின்று கால் வீங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தால், காலையில் விட்டுப்போன அதே நாற்காலியில், அதே பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறார் இவர். மேசையில் மூடி வைத்த சாப்பாட்டில் பாதி அப்படியே இருந்தது.

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

"போதுமா இருந்துச்சா?"

"ம்."

இன்றைய பேச்சு மொத்தமும் இதுதான்.

பிப்ரவரியில் இவருக்கு ஒரு கண் போனது, மார்ச்சில் இன்னொன்று. நரம்பு செத்துவிட்டது, இனிமேல் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்ன அன்று, இவர்தான் எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுக்கச் சொல்லி நர்ஸிடம் கேட்டார். அதற்கப்புறம்தான் வாய் மூடியது. கல்லூரியில் கணக்கு நடத்திவிட்டு வீட்டுக்கு வந்தும் ஓயாத வாய். "கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். என் நாக்கில் சனி.

ஜூன் 14, வெள்ளி

நாத்தனார் போன் செய்தாள். "ஏதாவது பேச்சுக் குடுத்துக்கிட்டே இரு. வெளியில என்ன நடக்குதுன்னு சொல்லு. கரைப்பார் கரைச்சா கல்லும் கரையும்" என்றாள். தம்பியைப் பற்றி அவளுக்குத் தெரியாதா என்று நம்பிச் செய்து பார்த்தேன். எதிர்வீட்டு மாடிக்கு நீலப் பெயின்ட் அடிக்கிறார்கள், பாதிச் சுவர் முடிந்துவிட்டது என்றேன்.

கையை நீட்டித் தடுத்தார். "பாக்க முடியாததை எல்லாம் எனக்குச் சொல்லாதே."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகவாவது சொல்லியிருக்கலாம்.

ஜூன் 15, சனி

விடுதியிலிருந்து மகன் பேசினான். "அப்பா எப்படிம்மா இருக்கார்?" இருக்கார் என்றேன்.

ஜூன் 23, ஞாயிறு

ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. அலமாரியைத் துடைக்கும்போது அவருடைய இயற்கணிதப் புத்தகம் கையில் தட்டுப்பட்டது. சாயங்காலம் பாடம் தயாரிக்கும்போது இதிலிருந்துதான் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருப்பார். நான் அடுக்களையில் வேலையாக இருப்பேன், காதில் ஒரு சொல்லும் ஏறாது, ஆனாலும் சத்தம் இருந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தம் வேண்டியிருந்தது. அவர் படிக்காவிட்டால் போகட்டும், நானே படிக்கிறேன்.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டே ஆரம்பித்தேன். "எக்ஸ் நாலு, கூட்டல் மூணு எக்ஸ் ரெண்டு, கூட்டல்…"

"எக்ஸ் நாலு இல்ல."

கத்தி நின்றுவிட்டது.

"எக்ஸோட நாலாம் அடுக்கு. மேல சின்னதா போட்டிருக்கும் பாரு."

"ஆமா. சின்னதாத்தான் போட்டிருக்கு."

அவ்வளவுதான். மறுபடி வாயை மூடிக்கொண்டார். ஆனால் அது "ம்" இல்லையே. பீன்ஸை எப்படி நறுக்கி முடித்தேன் என்று தெரியாது.

ஜூன் 24, திங்கள்

இன்று வேண்டுமென்றே தப்பாகப் படித்தேன். அடுக்கை எல்லாம் பெருக்கல் ஆக்கினேன். கழித்தலைக் கோடு என்றேன். இரண்டு வரி பொறுத்தார்.

"நேத்து சொன்னதும் புரிஞ்சுதே உனக்கு."

"நான் கணக்குல மக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"மக்கு இல்ல. நடிக்கிறே."

மாட்டிக்கொண்டேன். பாத்திரம் தேய்க்கும்போது சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன், கேட்கக் கூடாது என்று. இப்போதெல்லாம் அவருக்குப் பாம்புச் செவி.

ஜூலை 2, செவ்வாய்

சிரித்தார்!

பயிற்சிக் கணக்கின் தலைப்பைப் படித்தேன். "கீழ்க்காணும் சமன்பாடுகளின் மூலங்கள் எவ்வகையின என ஆராய்க." படித்ததும் எனக்கு அடக்க முடியவில்லை. "எங்க கடைக்கு வர்றவங்களுக்கு இதைக் கேக்கவே வெக்கம். காதுகிட்ட வந்து, மூலத்துக்குக் களிம்பு இருக்கான்னு ரகசியமா கேப்பாங்க. நீங்க என்னடான்னா வகுப்புல நின்னு, எத்தனை மூலம், என்ன வகைன்னு பசங்களைப் போட்டு உலுக்கியிருக்கீங்க."

முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் தோள் குலுங்கியது. மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பிறகு வாய்விட்டே சிரித்தார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, இருமல் வரும்வரை.

"உக்காரு, சொல்றேன்" என்றார். உட்கார்ந்தேன். எத்தனை மாதமாயிற்று இந்த "உக்காரு"வைக் கேட்டு.

"விடை என்னன்னு கண்டுபிடிக்க வேண்டாம். எந்த மாதிரி விடைகள்னு மட்டும் தெரிஞ்சா போதும். குறிகளை மட்டும் படி. பெரிய அடுக்குலேர்ந்து வரிசையா."

எக்ஸின் நாலாம் அடுக்கு, கூட்டல் மூன்று எக்ஸ் வர்க்கம், கூட்டல் இரண்டு எக்ஸ், கழித்தல் ஐந்து. "கூட்டல், கூட்டல், கூட்டல், கழித்தல்" என்றேன்.

"எத்தனை இடத்துல மாறுது?"

"கடைசியில, ஒரு இடம்."

"அப்ப ப்ளஸ் பக்கம் ஒரே ஒரு மூலம். நிச்சயமா இருக்கு. இப்ப ஒத்தைப்படை அடுக்குக்கு மட்டும் குறியைத் திருப்பிப் போட்டுப் படி."

இரண்டு எக்ஸ் மட்டும்தான் ஒற்றைப்படை. "கூட்டல், கூட்டல், கழித்தல், கழித்தல். இதுலயும் ஒரு இடம்தான்."

"அப்ப மைனஸ் பக்கமும் ஒண்ணு. நாலாம் அடுக்குன்னா மொத்தம் நாலு மூலம் இருக்கணும்."

"ரெண்டுதானே கிடைச்சிருக்கு?"

"மீதி ரெண்டும் கற்பனை மூலம். எண்கோட்டுல எங்க தேடினாலும் கிடைக்காது. ஆனா இருக்கு."

எழுதாமல், வரையாமல் எப்படி இவ்வளவு தெரிந்தது என்று கேட்டேன். "இதுக்குக் கண்ணு எதுக்கு, காது போ…" என்றவர் நிறுத்திக்கொண்டார். ஆனால் எழுந்து போகவில்லை, இரண்டு பேருமே.

ஜூலை 9, செவ்வாய்

தினமும் சாயங்காலம் கணக்கு. குறி மாற்றம் மூன்று என்றால் ப்ளஸ் பக்கம், அதாவது மிகை மூலம், மூன்று இருக்கும், இல்லாவிட்டால் ஒன்று. இரண்டு இரண்டாகத்தான் குறையும், கற்பனை மூலம் தனியாக வராது, ஜோடியாகத்தான் வரும். கடையில் மாத்திரை எண்ணும்போதுகூட இதுவே மண்டைக்குள் ஓடுகிறது.

சந்தோஷப்படத்தானே வேண்டும்? படுகிறேன். ஆனால் — எழுதிவிடுகிறேன், இங்கே யார் பார்க்கப் போகிறார்கள். எக்ஸைப் பற்றி இத்தனை விசாரிக்கிறார். அது எந்தப் பக்கம் இருக்கிறது, மெய்யா கற்பனையா, தனியா ஜோடியா என்று. என்னை ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. கால் வலிக்குதான்னு கேக்கல. ஏன் குரல் அடைச்சிருக்குன்னு கேக்கல. ஒரு எழுத்தின் மேல் பொறாமைப்படும் பெண்டாட்டி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முன்பெல்லாம் நான் கதவைத் திறந்தால், விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கி, கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். "வந்துட்டியா" என்று அர்த்தம். வாய் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும், அந்தப் பார்வை மட்டும் வந்துபோகும். அதை நான் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. இப்போது கதவைத் திறக்கும்போதெல்லாம் அதைத் தேடுகிறேன். இல்லை என்று தெரியும். தெரிஞ்சும் தேடுறேனே, என்ன செய்ய?

ஜூலை 19, வெள்ளி

கல்லூரியிலிருந்து துறைத்தலைவி வந்தார். இவரைவிட வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர். மருத்துவ விடுப்பு முடியப்போகிறது. ஒன்று, வேலையை விட்டு விலகிக்கொள்ள வேண்டும். அல்லது, குழு ஒன்று பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க, ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும்.

"நிர்வாகத்துல சில பேர் வேண்டாங்கறாங்க சார். உங்ககிட்ட மறைக்க விரும்பல" என்றார்.

"போர்டுல யார் எழுதுவா?"

இவர் விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் போட ஆரம்பித்தன. மறுபடி அந்த நாற்காலிக்குள்ளேயே இறங்கிவிடுவாரோ?

"நான் எழுதறேன்" என்றேன்.

துறைத்தலைவி போனபிறகு இவர் கேட்டார். "எட்டாங்கிளாஸ்லயே உனக்குக் கணக்கு வராதே."

"குறி வரும்."

ஜூலை 27, சனி

அலமாரிக் கதவில் சாக்பீஸால் எழுதிப் பழகுகிறேன். வரி எல்லாம் மேல்நோக்கி ஏறுகிறது. நல்லவேளை, அவருக்குத் தெரியாது — ஐயோ, என்ன எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலையில் இவரும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். வகுப்பு நிறையப் பிள்ளைகள். கடைசி வரிசையில் குழு, நான்கு பேர், நான்கும் கல்லுப்பிள்ளையார் முகம்.

நன்றாகத்தான் ஆரம்பித்தார். குரல் பழைய குரல். எக்ஸ் கனம், கழித்தல் மூன்று எக்ஸ் வர்க்கம், கழித்தல் நான்கு எக்ஸ், கூட்டல் பன்னிரண்டு என்று சொல்லச் சொல்ல எழுதினேன். இரண்டு மாற்றம், ஆகவே மிகை மூலம் இரண்டு, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. மைனஸ் பக்கம், குறை மூலம் ஒன்று. "சரி, இப்ப விடையையே சொல்லிடறேன். ரெண்டு, மூணு, மைனஸ் ரெண்டு. போட்டுப் பாருங்க."

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "சார், ரெண்டு போட்டா பூஜ்யம் வரல."

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். எனக்குக் கரும்பலகை சுற்றியது. எங்கே தப்பு என்று பார்க்கிறேன், எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்கிறது. போச்சு. என்னால போச்சு.

இவர் அசையவில்லை. "எவ்வளவு வருது?"

"பதினாறு சார்."

தலையைக் கொஞ்சம் சாய்த்தார். "பதினாறு அதிகம். எக்ஸ் ரெண்டுன்னா, எட்டு எக்ஸ் கூடியிருக்கு. போர்டுல நாலு எக்ஸுக்கு முன்னால கூட்டல் போட்டிருக்கா?"

போட்டிருந்தேன்.

அழிக்கப் போனேன். "அழிக்காதே, இருக்கட்டும்" என்றார். பிறகு வகுப்பைப் பார்த்து — பார்த்து என்றுதான் எழுத வருகிறது — "குறியை எண்ணுங்க. இந்தத் தப்பான சமன்பாட்டுலயும் மாற்றம் ரெண்டுதானே? ஆனா எக்ஸ் வர்க்கம் கழித்தல் மூணு எக்ஸ் கூட்டல் நாலு, இது எப்பவாவது பூஜ்யத்துக்குக் கீழ போகுமா பாருங்க. போகாது. அதை ஒரு மிகை எண்ணால பெருக்கி, பன்னிரண்டைக் கூட்டினா எங்கேர்ந்து பூஜ்யம் வரும்? ப்ளஸ் பக்கம் ஒரு மூலமும் இல்ல. ஒரே ஒரு குறி மாறினதுல ரெண்டு மெய் மூலம் கற்பனையாப் போயிடுச்சு. விதி ஏன் 'ரெண்டு, இல்லன்னா ஒண்ணுமில்ல'ன்னு இழுக்குதுன்னு இப்பப் புரியுதா?"

புரிந்தது. பிள்ளைகளின் முகத்தில் தெரிந்தது. எனக்கே புரிந்தது.

"இந்த உதாரணம் நான் யோசிச்சு வச்சதில்ல. என் மனைவி போட்ட தப்பு. நான் கொண்டுவந்ததைவிட இதுதான் நல்ல உதாரணம்."

வகுப்பு சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை. கல்லுப்பிள்ளையார்களில் ஒருவர் குனிந்து தன் தாளில் கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் சாக்பீஸ் தூளோடு நின்றேன். "என் மனைவி" என்றார். எல்லாருக்கும் கேட்கும்படி.

ஆகஸ்ட் 8, வியாழன்

வேலை நிலைத்தது. மகனிடம் அவரே போனில் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

ஆகஸ்ட் 21, புதன்

கரும்பலகையில் எழுத ஆராய்ச்சி மாணவர் ஒருவரைக் கல்லூரியே ஏற்பாடு செய்துவிட்டது. வரி கோணாமல் எழுதுவாராம். பாடத்தைப் படித்துச் சொல்ல ஒரு கருவியும் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அதைக் காதில் மாட்டிக்கொள்கிறார். சாயங்காலக் கணக்கு நின்றுபோனது.

அவர் எழுந்து நடமாட வேண்டும் என்று எத்தனை ஏங்கினேன். நடமாடிவிட்டார். இப்போது நான் முன்னதாக வீட்டுக்கு வந்துவிடுகிறேன், காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இன்று தனியாக ஒரு கணக்குப் போட்டேன். ஐந்தாம் அடுக்கு. மெய் மூலம் ஒன்று, கற்பனை நான்கு. சரியா என்று கேட்க ஆளில்லை. கேட்டால் சொல்வார்தான். கேட்கத் தோன்றவில்லை.

ஆசைப்பட்டது கிடைத்த பிறகும் ஏன் இப்படி இருக்கிறது? நான் ஆசைப்பட்டது இது இல்லையா?

செப்டம்பர் 1, ஞாயிறு

கருவி, காது, கணக்கு. மழை பெய்ததுகூடத் தெரியாது அவருக்கு.

செப்டம்பர் 8, ஞாயிறு

மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும். நீ வருத்தப்படக் கூடாது."

"கேளுங்க."

ரொம்ப நேரம் துணியின் ஓரத்தை மடித்துக்கொண்டே இருந்தார். "உன் முகம் எனக்குச் சரியா ஞாபகம் வரல."

கையிலிருந்த துணியைக் கீழே வைத்தேன்.

"ஆரம்பத்துல முழுசா இருந்துச்சு. அந்த நாற்காலியில உக்காந்து அதைத்தான் புடிச்சு வச்சுக்கிட்டிருந்தேன். பேசினா, வேற எதையாவது உள்ள விட்டா, அது கலைஞ்சுடுமோன்னு பயம். அப்படியும் நிக்கல. முதல்ல நெத்தி போச்சு. இப்பக் குரல் மட்டும்தான் இருக்கு, குரலுக்குப் பின்னால யாருமில்ல. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் கணக்கையே பேசிக்கிட்டிருந்தேன்."

இத்தனை நாள் என்னை மறந்துவிட்டார் என்று நான் ஒரு பக்கம் வெந்துகொண்டிருக்க, என்னை மறந்துவிடக் கூடாது என்று இவர் ஒரு பக்கம் — கடவுளே. ஒரே வீட்டில்.

எதிரே போய் உட்கார்ந்தேன். விட்டால் அழுதுவிடுவேன். "ரதி மாதிரி இருக்கேன்னு சொல்லிடவா? நீங்க போய்ச் சரிபார்க்கவா போறீங்க?"

"உண்மையைச் சொல்லு."

"நெத்தி அகலம். குறுக்க ரெண்டு கோடு, புதுசு. மூக்கு, குடைமிளகாய்ன்னு உங்க அக்கா சொல்லுவாங்களே, அதேதான். அதுல ஒரு முன்னேற்றமும் இல்ல."

"நரைச்சிருக்கா?"

"காதோரம். இந்த வருஷம்தான்."

"அதை நான் பாக்கவே இல்லையே."

அவர் கையை எடுத்து என் காதோரத்தில் வைத்தேன். விரல் அங்கேயே நின்றது. பிறகு மெல்லப் புருவத்துக்கு நகர்ந்தது. அவர் விரல் போகும் இடத்தை எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். புருவம் அடர்த்தி குறைவு. கண்ணுக்குக் கீழே கருப்பு, தூக்கம் போதாது. இமை ஈரமாக இருந்தது, அதைச் சொல்லவில்லை, அவரே துடைத்தார். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. விளக்குப் போட எழுந்திருக்கத் தோன்றவில்லை.

கன்னத்துக்கு வந்தபோது, "மெதுவாச் சொல்லு" என்றார். "அவசரமில்ல."