சர்வே கேம்ப்புக்குத் துணையாக

786

நல்லூர், திருப்பூர்
12-12-88

அன்புள்ள ஜுபைதாவின் அத்தாவுக்கு, பத்ருன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் பிள்ளையும் சுகம். கல்கத்தாவில் குளிர் ஜாஸ்தி என்று எழுதியிருந்தீர்கள். கம்பளியை விற்கக் கொண்டுபோன பனியன் மூட்டைகளுக்கு அடியில் மடித்து வைத்திருக்காமல் எடுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. ஜுபைதா சர்வே கேம்ப்புக்குப் போக வேண்டாம், அந்த வாரம் பெருமாநல்லூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள், அண்ணன் சொல்கிறபடி நடந்துகொள் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு தடவை படித்தேன். பிறகு கோயமுத்தூருக்குப் பஸ் ஏறி அவள் காலேஜுக்கே போய் விசாரித்தேன்.

சிவில் என்ஜினீயரிங் படிக்கிறவர்கள் மூன்றாம் வருஷத்தில் எங்காவது மலைப்பக்கம் போய்த் தங்கி, நிலத்தை அளந்து படம் போட்டுக் கொண்டுவர வேண்டுமாம். அதற்குத் தனி மார்க். போகாவிட்டால் அடுத்த வருஷம் கீழ் வகுப்புப் பிள்ளைகளோடு போக வேண்டும். பட்டம் கைக்கு வருவதும் தள்ளிப்போகும். வகுப்பில் இவள் ஒருத்திதான் பெண். கூடச் சேர்ந்த இன்னொரு பெண் முதல் வருஷமே எலக்ட்ரானிக்ஸுக்கு மாறிவிட்டாள்.

கேம்ப்பை நடத்துகிறவர் ஆறுச்சாமி சார் என்ற புரபசர். ஒரு பிள்ளைக்காகக் கேம்ப்பை மாற்ற முடியாது என்றார். அப்புறம், "அம்மா கூட வந்து தங்கறதுன்னா எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்லீங்க" என்றார். பேச்சுக்குத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பெருமாநல்லூர்க்காரர்களை ஜனவரியில் வரச்சொல்லும்படி உங்கள் அண்ணனிடம் கேட்டுக்கொண்டேன். அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு ரங்காத்தாளிடம் கொடுத்திருக்கிறேன். தண்ணீர் வருகிற அன்று தொட்டியை நிரப்பி வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

இதை இன்று பஸ் ஏறுகிற இடத்தில் பெட்டியில் போடுகிறேன். உங்கள் கைக்கு வரும்போது நாங்கள் ஆனைகட்டியில் இருப்போம். பதிலுக்குக் காத்திருக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். காத்திருந்தால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

துஆவோடு,
பத்ருன்னிசா

---

786

ஆனைகட்டி
19-12-88

ஜுபைதாவின் அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் இருவரும் நலம். நீங்கள் கோபமாக இருப்பீர்கள் என்று தெரிந்தும் எழுதுகிறேன். எழுதாமல் இருந்தால் நீங்கள் கவலையும் சேர்த்துப் படுவீர்கள்.

பையன்கள் எல்லோரும் பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கியிருக்கிறார்கள். எங்களுக்கு அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர் தெய்வாத்தாள் தன் வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறார். தொழுகைக்கு என்று தானாகவே ஒரு மூலையைக் கழுவிவிட்டார். சாப்பாடு சைவம்தான், அதனால் சங்கடம் இல்லை. யானை வரும் என்று பொழுது சாய்ந்ததும் யாரையும் வெளியே விடுவதில்லை. நீங்கள் பயப்படும்படியாக இங்கே ஒன்றும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வந்த புதிதில் நான் ஒரு மர நிழலில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்குத்தானே வந்தேன். ஆறு பேர் கொண்ட குழுவில் அவளைப் போட்டிருந்தார்கள். காங்கேயத்துப் பையன் ராசப்பன் அதற்குத் தலைவன். முக்காலியின் மேல் தூரத்தைப் பார்க்கிற கண்ணாடிக் குழல் வைத்த கருவி ஒன்று இருக்கிறது. ஒருவன் அதில் கண்ணை வைத்துப் பார்க்கிறான். ஒருவன் தூரத்தில் அளவு போட்ட நீளக் கட்டையை நிமிர்த்திப் பிடிக்கிறான். நம் பிள்ளை கல்லின் மேல் உட்கார்ந்து, அவர்கள் கத்துகிற எண்களை நோட்டில் எழுதுகிறாள். முதல் நாளும் அதே. மறுநாளும் அதே. கருவியை அவள் தொடவே இல்லை. பையன்கள் மரியாதையான பிள்ளைகள்தான். வெயிலில் நிற்காதே, கால் வலிக்கும், நீ எழுதினால் போதும் என்றுதான் சொல்கிறார்கள்.

எனக்கு முதலில் அது நிம்மதியாகத்தான் இருந்தது. நிழலில் அடக்கமாக உட்கார்ந்திருக்கிறாள், உங்கள் அண்ணனே வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிடும்போது அவள் தட்டைப் பார்த்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். என்ன என்று கேட்டேன். பரீட்சையில் கருவியை முக்காலியில் நிறுத்திக் காட்டச் சொன்னால் எனக்குத் தெரியாதும்மா என்றாள்.

எனக்கு எங்கிருந்து அத்தனை கோபம் வந்தது என்று தெரியவில்லை. "எழுத்து வேலைக்கு ஆள் வேணும்னு உங்க பெரியத்தா கம்பெனியில எப்பவும் கேக்கறாங்க. அதுக்கு இந்தப் படிப்பு எதுக்கு கண்ணு?" என்று கேட்டுவிட்டேன்.

"கேட்டா சண்டை வரும்மா. இன்னும் ஒன்றரை வருசம் இவங்ககூடத்தான் நான் படிக்கோணும்."

"அப்ப ஒன்றரை வருசமும் எழுதீட்டே இரு."

அவள் எழுந்து கை கழுவப் போனாள். அழுகிறாளோ என்று பயந்து பின்னாலேயே போனேன். அவள் நேராக ஆறுச்சாமி சாரிடம் போய், நாளைக்குக் கருவியில் லெவல் எடுக்கிறதை நான் செய்கிறேன் சார் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் ராசப்பனைப் பார்த்தார். அவன் தலையை ஆட்டினான், மனசில்லாமல்.

மறுநாள் அவளே கருவியை நிறுத்தினாள். நிறுத்துவதற்கே வெகுநேரம் ஆயிற்று. பையன்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓர் ஓடைக்குப் பாலம் கட்டுவதாக வைத்துக்கொண்டு, ரோட்டோரத்து மைல் கல்லிலிருந்து ஓடை வரை மேடு பள்ளம் அளக்க வேண்டும். பிறகு அளந்துகொண்டே அதே கல்லுக்குத் திரும்பி வந்தால் புறப்பட்டபோது இருந்த உயரமே வர வேண்டுமாம். வரவில்லை. ஒரு முழத்துக்கு மேல் வித்தியாசம். ஒரு பகல் வீண். ராசப்பன் நோட்டைக் கொஞ்சம் பலமாக மூடினான்.

யார் பார்த்தது என்று சார் கேட்டார். கருவியை இடம் மாற்றி வைத்தபோது ரசமட்டம் பார்க்காமல் அவசரப்பட்டிருக்கிறாள். அதை அவளே சொன்னாள். சொல்லிவிட்டு, "நாளைக்கு மறுபடியும் நானே எடுக்கறேன் சார்" என்றாள். கொண்டுபோய் ராசப்பனிடமே கொடுத்துவிடேன் என்று என் மனசு சொன்னது. அவளுக்குச் சொன்ன புத்தி எனக்கு ஒரு நாள் கூட நிற்கவில்லை.

காலையில் பார்த்தால் கட்டை பிடிக்கிற பையனுக்குக் காய்ச்சல். மற்றவர்கள் ஆளுக்கொரு வேலையில் இருந்தார்கள். நான் பிடிக்கிறேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், ஆறுச்சாமி சாரும் சிரித்தார். அந்தக் கட்டை இரண்டு ஆள் உயரம். மலைக்காற்றில் முக்காடு பறக்கிறது. ஒரு கையால் முக்காட்டையும் ஒரு கையால் கட்டையையும் பிடித்தேன். கட்டை ஆடுகிறது, இரண்டு கையாலும் பிடி என்று உங்கள் மகள் தூரத்திலிருந்து என்னை அதட்டுகிறாள். பிறகு முக்காட்டுக்கு ஊக்குக் குத்திக்கொண்டு நின்றேன். ஓடைக்குள் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரிலும் நின்றேன். பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தது. அப்படி எனக்கு இதற்கு முன்னால் இருந்ததில்லை.

திரும்பி மைல் கல்லுக்கு வந்தபோது உயரம் நெருக்கமாக வந்துவிட்டது. வித்தியாசம் ஒரு விரற்கடை கூட இல்லை. ராசப்பன்தான் முதலில் கூட்டிப் பார்த்தான். "சரியா இருக்குதுங்க அம்மா" என்று அவளிடம் சொல்லாமல் என்னிடம் வந்து சொன்னான். ஜுபைதா கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் கோயமுத்தூருக்குப் போகிறார், அவரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். இருமலுக்குச் சித்தரத்தை போட்டுக் குடியுங்கள்.

பத்ருன்னிசா

---

786

நல்லூர், திருப்பூர்
20-2-89

ஜுபைதாவின் அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போன மாதம் வந்த மணியார்டர் கூப்பனில் நீங்கள் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. தபால்காரர் முன்னால் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இந்த மாதம் "ஜுபைதா சுகமா" என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். என்னைக் கேட்கவில்லை. பரவாயில்லை. பிள்ளையைக் கேட்டீர்களே, அதனால்தான் இந்தக் கடிதம்.

பெருமாநல்லூர்க்காரர்கள் வந்துபோனதைப் பற்றி உங்கள் அண்ணன் எழுதியிருப்பார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. நடந்ததை நான் எழுதுகிறேன்.

ஜனவரி கடைசியில் வந்தார்கள். பையன், அவன் அம்மா பேகம், அவர்கள் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர். பையனைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சொந்தமாகத் தையல் யூனிட் வைத்திருக்கிறான், பெரியவர்கள் முன்னால் அடக்கமாக உட்கார்ந்தான். உங்கள் அண்ணன் நல்ல இடமாகத்தான் பார்த்திருக்கிறார். அதை நான் மறுக்கவில்லை.

கேம்ப் விஷயம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. டிசம்பரில் வர முடியாமல் போனதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்ததே. பேகம் கோபமாகப் பேசவில்லை. பணிவாகத்தான் கேட்டார். "படிக்கட்டுமுங்க, அது நமக்குக் கௌரவந்தானுங்க. ஆனா ஆம்பளப் பசங்களோட ரோட்டுல நின்னு கட்டை புடிக்கிறதெல்லாம் நம்ம சனத்துக்கு ஆகுமுங்களா?"

"கட்டை புடிச்சது அவ இல்லீங்க, நானுங்க. அவ அளந்தா" என்றேன்.

பையன் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தான். சிரித்தானோ என்னவோ, தெரியவில்லை. பேகம் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, நோன்புக்கு முன்னால் நிக்காஹ் வைத்துக்கொள்ளலாம், படிப்பை இதோடு நிறுத்திக்கொள்ளட்டும், எங்கள் வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் வராது என்றார். உங்கள் அண்ணன் என்னைப் பார்த்து, "சரின்னு சொல்லும்மா" என்றார். நான் ஜுபைதாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "முடிச்சுட்டு வர்றேனுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அத்தனை நாள் காத்திருக்க முடியாது என்றார்கள். அப்படியானால் எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று நான் சொன்னேன். உங்களைக் கேட்காமல் சொன்னேன். உங்கள் அண்ணன் காபியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. இரண்டு தடவை நானே போனேன். மதனி மட்டும் பேசுகிறார்.

அவர்கள் போன பிறகு ஜுபைதா டம்ளர்களை எல்லாம் கழுவிக் கவிழ்த்தாள். கழுவின டம்ளரையே மறுபடியும் கழுவினாள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். நான் கேட்கவில்லை. கேட்டு, அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?

தெருவில் பேசுகிறார்கள். அம்மாவும் மகளும் மலைக்குப் போனவர்கள் என்று. பஸ் ஸ்டாப்பில் அவள் காதிலும் விழுந்திருக்கிறது. அதே பஸ்ஸில்தான் போய் வருகிறாள். கேம்ப் மார்க் வந்துவிட்டது, வகுப்பில் மூன்றாவது. முதலாவது அந்த ராசப்பன். அது நியாயம்தான் என்று அவளே சொன்னாள். இப்போது கான்கிரீட் பாடம் நடக்கிறதாம். பக்கத்துத் தெருவில் நிட்டிங் கம்பெனிக்கு மேல் மாடி எழுப்புகிறார்கள், காலேஜ் விட்டு வரும்போது அங்கே நின்று பார்த்துவிட்டு லேட்டாக வருகிறாள். திட்டினேன். திட்டிவிட்டு, நேற்று நானும் கூடப் போய் நின்றேன்.

பிளஸ் டூ முடித்த வருஷம், சிவில்தான் கிடைத்தது, பெண்பிள்ளைக்கு அது எதற்கு என்று எல்லோரும் சொன்னபோது, காலேஜில் கொண்டுபோய்ச் சேர்த்தது நீங்கள். நான்தான் அன்றைக்கு வேண்டாம் என்று அழுதேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நேற்று மாடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு இறங்கும்போது, "அத்தா இந்த நோன்புக்கு வருவாங்களாம்மா?" என்று கேட்டாள். வராமல் எங்கே போவார் என்று சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர, அப்போதிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை.

பிறை பார்ப்பதற்கு முன்னால் ஊர் வந்து சேருங்கள். என்னைத் திட்ட வேண்டியதை எல்லாம் சேர்த்து வைத்திருந்து நேரில் திட்டுங்கள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொள்கிறேன். படிப்பை நிறுத்து என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதற்கு நான் பதில் பேசுவேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உங்களுக்கு முன்னால் நின்று நான் பதில் பேசியதில்லை. அப்படி ஒரு நாளை நம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள்.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார வேண்டாம், நெஞ்சில் சளி கட்டும். அல்லாஹ் உங்களைச் சுகமாகக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிடட்டும். கோபத்தோடு வந்தாலும் சரி, வாருங்கள்.

வஸ்ஸலாம்.
உங்கள்
பத்ருன்னிசா