ஷிஃப்ட் சார்ட்டின் பூட்டு

12.8.2003, செவ்வாய்

ஃபேக்டரி கம்ப்யூட்டரில் இருக்கும் ஷிஃப்ட் சார்ட்டுக்கு நான் போட்டிருந்த பாஸ்வேர்டை மஞ்சுநாத் இன்று உடைத்துவிட்டான். கம்ப்யூட்டர் பிரிவுக்குப் புதிதாக வந்தவன். நெட்டிலிருந்து ஏதோ புரோகிராம் இறக்கினானாம். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

"இனிமே உங்களுக்குத் தொந்தரவே இல்ல மேடம், அவங்கவங்களே மாத்திக்குவாங்க" என்று சிரித்தான்.

கண்டவர்களும் திருத்துகிறார்கள் என்றுதான் இரண்டு வருஷம் முன்பு பூட்டினேன். அதன் பிறகுதான் என் மேசைக்கு ஆட்களே வந்தார்கள். பேக்கிங்கில் இருக்கும் செல்வி வந்து, கொஞ்சம் என்பதைக் கன்னடத்தில் சொல்லி, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்கக்கா, பாப்பாவுக்கு ஜுரம்" என்பாள். ஷிஃப்ட் மாற்ற ஒவ்வொருவரும் ஒரு கதை கொண்டுவருவார்கள். கதை முடியும்வரை நான் வேண்டுமென்றே மெதுவாக டைப் அடிப்பேன்.

இன்று மத்தியானத்துக்குள் சார்ட்டில் ஒன்பது மாற்றங்கள். மேசைக்கு ஒருவரும் வரவில்லை. செல்வி நாளையிலிருந்து காலை ஷிஃப்டுக்கு மாறியிருக்கிறாள். பாப்பாவுக்கு மறுபடி ஜுரமா? யாரைக் கேட்பது?

கிளம்பும்போது புதுப் பாஸ்வேர்டு போட்டு மறுபடி பூட்டிவிட்டேன். மஞ்சுநாத் பத்து மணிக்கு வந்ததும் திறந்துவிடுவான், தெரியும். செல்வி ஆறு மணிக்கே வந்துவிடுவாள்; சார்ட்டில் எதையாவது மாற்ற வேண்டுமென்றால் அதுவரை என் மேசைக்குத்தான் வர வேண்டும். நானும் முதல் பஸ்ஸிலேயே போய்விட வேண்டும். அவள் திட்டிக்கொண்டே வந்தாலும் சரி.