நீங்கள் வெட்டாத ஒரு கதை

என் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆளான என் தேவகி அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அண்ணன் குறுவையை அறுத்துக் கரையேற்றிவிட்டார். சம்பா நடவும் முடிந்தது. உங்கள் பையன் சிங்கப்பூரிலிருந்து ஞாயிறு தவறாமல் பேசுகிறான். மயிலாடுதுறை கோர்ட்டுக்கு எதிரே இருந்த உங்கள் டி.டி.பி. கடையில் இப்போது செல்போனுக்கு உறை விற்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் நான் எதிர்ச் சாரியில் நடக்கிறேன்.

ஒரு நல்ல செய்தி அண்ணி. என் கதைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போடுகிறோம் என்று சென்னைப் பதிப்பகம் ஒன்று கேட்டிருக்கிறது. வாரப் பத்திரிகைக்குக் கதை, கோயில் மலருக்குக் கட்டுரை, பூச்சிமருந்துக் கம்பெனிக்குத் துண்டுப் பிரசுரம் என்று இருபது வருஷமாகக் கேட்டவர்க்கெல்லாம் எழுதிக்கொடுத்தவளுக்கு இதுதான் முதல் புத்தகம். உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று போனைக்கூட எடுத்துவிட்டேன். உங்கள் பேர் வரைக்கும் போய்விட்டேன்.

மாதக் கடைசிக்குள் கதைகளை அனுப்ப வேண்டும். அதில்தான் சிக்கல். அந்தச் சிக்கலைப் பண்ணிவைத்துவிட்டுப் போனவர் நீங்கள்.

நான் எழுதுகிற லட்சணம் உங்களுக்குத் தெரியாததா? வீட்டில் உட்கார்ந்தால் ஒரு வரி ஓடாது. பூம்புகார் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்து, கடற்கரை வரை போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பினால் பாதிக் கதை ஆகிவிடும். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றான பிறகு கேட்கவே வேண்டாம். "என்னக்கா, இன்னைக்கும் கடல பாக்காமயே திரும்புறீங்களா?" என்று கண்டக்டர் கேட்பார். பள்ளத்துக்கு ஒரு தரம் பேனா குதிக்கும். அந்தக் கோழிக் கிறுக்கலை, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நீங்கள் ஒருவர்தான் படித்தீர்கள். பட்டா மாறுதல் மனுக்களுக்கு நடுவே என் கதையை அடித்து, நீங்களே பத்திரிகைக்கு அனுப்பியும் வைப்பீர்கள்.

அச்சில் வந்ததை நான் படிக்கமாட்டேன். பேரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். எங்கே தப்பு கண்ணில் படுமோ என்று பயம். "ஆசையா புடவை எடுத்துட்டுப் பிரிச்சே பாக்காதவ நீ ஒருத்திதான் கல்யாணி" என்று சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் இப்போதல்லவா தெரிகிறது!

வருகிற மாசியோடு நீங்கள் போய் இரண்டு வருஷம். அதற்குப் பிறகு எழுதிய முதல் கதையை நானே லேப்டாப்பில் ஒற்றை விரலால் அடித்து அனுப்பினேன். பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார். "கதை நல்லாருக்கும்மா. ஆனா கடைசி ரெண்டு பத்தி எதுக்கு? உங்க கதை பட்டுனு நின்னுடுமே, அதானே அழகு?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தக் காலத்து ஆசிரியர்களுக்குக் கதை படிக்கத் தெரியவில்லை என்று பொரிந்துகொண்டிருந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

இப்போது புத்தகத்துக்காகப் பழைய பத்திரிகைகளையும் என் நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பயத்தை விட்டுப் படித்தேன். கதைக்குக் கதை வால் இல்லை. நான் அழுது அழுது எழுதிய முடிவுகள், நீதிகள், நிலா வெளிச்சம், ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் நீங்கள் வெட்டியிருக்கிறீர்கள். இருபது வருஷமாக, என் எதிரிலேயே, எனக்கு மோர் கொடுத்துக்கொண்டே! நாத்தனாரைப் பழிவாங்க இதைவிட நல்ல வழி எந்த அண்ணிக்குக் கிடைக்கும்?

கோபம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். போய்ச் சேர்ந்தவரோடு சண்டை போடுவது எப்படி? அண்ணனிடம் போய் நின்றேன். வரப்பில் மண்வெட்டியோடு நின்றவர் தலையைச் சொறிந்தார்.

"எனக்குத் தெரியும். மனு எழுத வர்றவங்ககிட்டயும் அவ அதான் சொல்லுவா. கேக்க வேண்டியத கேட்டாச்சுன்னா நிறுத்திப்புடணும். அதுக்கு மேல எழுதுனா தாசில்தார் அழுகையத்தான் பாப்பாரு, நெலத்த பாக்க மாட்டாருன்னு. உன் கதைக்கும் அதே சட்டம்தான்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல அண்ணே?"

"சொன்னா நீ எழுதுறதயே விட்டுருவேன்னு பயந்தா."

விட்டிருப்பேன்தான். என் ரோஷம் ஊரறிந்தது.

போன வருஷம் ஒரு கல்லூரியில் மாணவிகள், "இவ்வளவு சுருக்கமா எழுத யார்கிட்ட கத்துக்கிட்டீங்க மேடம்?" என்று கேட்டார்கள். சங்கப் பாட்டிலிருந்து என்று வாய் கூசாமல் சொல்லி, சால்வையையும் போர்த்திக்கொண்டு வந்தேன். கோர்ட்டுக்கு எதிரே மனு அடித்தவரிடம் என்று சொல்ல எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறதே. அந்தச் சால்வை உங்களுக்குப் போட வேண்டியது அண்ணி.

இரண்டு நாளில் கோபம் ஆறியது. எந்தப் பிரதியை அனுப்புவது என்ற கேள்வி மட்டும் நின்றது. நான் எழுதியதா, நீங்கள் நிறுத்தியதா? மறுபடி படித்தால் நீங்கள் நிறுத்திய இடத்தில்தான் கதை இருக்கிறது. அப்படியே அனுப்பலாம் என்று தீர்மானித்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டு வந்தேன். அப்போதுதான் அந்த வளையல் கதை வந்தது.

ஐப்பசிக் கடைசி நாள் கடைமுக முழுக்குக்குக் காவிரித் துறையில் கடைகள் போடும்போது, பேர் வைக்கும் முன்பே போய்விட்ட உங்கள் முதல் பெண் குழந்தைக்கு வருஷாவருஷம் ஒரு ஜோடி வளையல் வாங்குவீர்கள், வருஷத்துக்கு ஒரு அளவு பெரிதாக. இதை யாரிடமும் நீங்கள் சொன்னதில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். உங்களைக் கேட்காமல், பேரை மட்டும் மாற்றி எழுதி, வழக்கம்போல உங்கள் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். எவ்வளவு நெஞ்சழுத்தம் எனக்கு!

அந்தக் கதையில் மட்டும் நீங்கள் ஒரு வார்த்தையைத் தொடவில்லை. நோட்டில் இருப்பது அப்படியே அச்சில் இருக்கிறது, கடைசிப் பத்தி உள்பட. ஏன் அண்ணி? நன்றாக இருக்கிறது என்றா? உங்கள் கதை என்பதால் கை வைக்கக் கூடாது என்றா? இல்லை, கையே ஓடவில்லையா? அடித்து முடித்த அன்று என்னிடம் என்ன சொன்னீர்கள் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். "சாப்டியா கல்யாணி?" என்று கேட்டீர்கள். அவ்வளவுதான் நினைவில் இருக்கிறது.

அதைப் புத்தகத்தில் சேர்க்கலாமா என்று அண்ணனைக் கேட்டேன்.

"சேத்துக்க. புடிக்கலேன்னா அவ அனுப்பாம கிழிச்சுப் போட்டுருப்பா. போடலையே. அந்தப் புள்ள ஒண்ணு இருந்துச்சுன்னு சொல்றதுக்கு உன் கதை ஒண்ணுதான் இருக்கு."

சரி என்று அன்றைக்கே எடுத்து வைத்தேன். ஆனால் அதன் கடைசி வரி என்னைத் தூங்கவிடவில்லை. 'வருஷங்கள் போகப் போக, இல்லாத குழந்தை அவளுக்குப் பழகிவிட்டது' என்று எழுதியிருக்கிறேன். முடிவு இதமாக இருக்கட்டும் என்று எழுதியது. வேறு யாருடைய துக்கத்தின் மேலாவது நான் இப்படி எழுதியிருந்தால் நீங்கள் விட்டுவைத்திருப்பீர்களா? அந்த வரியை உங்கள் விரலாலேயே அடிக்கவைத்தேனே அண்ணி.

இந்த ஒரு கதையை நான் வெட்டுவேன், இது சத்தியம். அந்த வரி இல்லாமல்தான் புத்தகம் அச்சுக்குப் போகும். எழுதியபோது எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இல்லாத இரண்டு வருஷத்தில் எனக்கு எதுவும் பழகவில்லை.

உங்கள் நாத்தனார்,
கல்யாணி