புளியமரம் வரைக்கும்

செவ்வாய், இரவு

அலுவலகத்தில் கழித்துப்போட்ட நெட்வொர்க் ஸ்டோரேஜ் (கோப்புகளைச் சேமிக்கும்) பெட்டியில் லினக்ஸ் மென்பொருள் ஏற்றி, ஊர்க்காரர்களின் வன உரிமை மனுக்களுக்காக எடுத்த வாக்குமூல வீடியோக்களை அதில்தான் வைத்திருந்தேன். ஞாயிறன்று அப்டேட் கொடுத்தேன். அதோடு பெட்டி இயங்கவே இல்லை. பதற்றத்தில் எத்தனை முறை கரண்ட் வயரைப் பிடுங்கிச் செருகினேனோ தெரியாது.

இன்று கேபிள் போட்டு லேப்டாப்பில் பார்த்தேன். ஹார்டு டிஸ்க்கைக் காணோம் என்ற ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. அப்டேட் கொடுக்கும்போது செட்டிங்கில் டிஸ்க்கின் பெயரைத் தவறாக எழுதியது நான்தான். திருத்தியதும் பெட்டி எழுந்தது. கரண்ட்டைப் பிடுங்கியதில் சில வீடியோக்கள் மட்டும் பழுதாகியிருந்தன.

போன மாதம் இறந்த சின்னப்பனின் வாக்குமூலத்தைப் பார்க்க அவர் மகள் செல்வி மாலையில் வந்தாள். வெள்ளிக்கிழமை அவர்கள் மனு மீது விசாரணை. அவர்கள் உழும் நிலத்தின் எல்லை தெரிந்த ஒரே ஆள் அவர்தான். வீடியோவில் கையை நீட்டி, "அந்தப் புளியமரத்தாண்ட இருந்து..." என்றார். படம் உறைந்தது.

"இன்னாக்கா, அப்பா அப்டியே நின்னுட்டாரு?"

நான்கு முறை போட்டுக் காட்டினேன். நான்கு முறையும் அதற்கு மேல் ஓடவில்லை.

"இதே வீடியோவ வேற எதுலயாச்சும் வச்சிருக்கீங்களாக்கா?"

"இருக்குது, நீ வூட்டுக்குப் போ" என்று அனுப்பிவிட்டேன்.

இல்லை. வேறு பிரதி எடுக்கவே இல்லை. காலையில் போய் அவளிடம் சொல்ல வேண்டும்.