எண்ணெய் தேய்த்துக் குளித்த ட்ரில் மிஷின்

அன்பு அத்தானுக்கு,

‘எத்தான்’ என்று வாய் நிறையக் கூப்பிட்டால்தானே திரும்பிப் பார்ப்பீர்கள்? எத்தான்! முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். அக்கா தினமும் உங்கள் படத்துக்கு விளக்கேற்றும்போது உங்களிடம் ஊர்க்கதையெல்லாம் பேசுகிறாள். அவள் வாயால் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுவது எனக்கு நல்லது. உங்கள் ட்ரில் மிஷினுக்கு எண்ணெய் மசாஜ் செய்துவிட்டேன். நல்லெண்ணெய். தாராளமாக. குற்றாலத்து எண்ணெய் மசாஜ் கடைகளைப் பார்த்தே தலை நரைத்தவனுக்கு, எது பிடித்துக்கொண்டாலும் எண்ணெய்தான் வைத்தியமாகத் தோன்றுகிறது. என்ன செய்ய?

நீங்கள் போனது கார்த்திகையில். இப்போது ஆடிச் சாரல், ஊரே நனைந்து கிடக்கிறது. சீசனுக்கு வாடகைக்கு விட நீங்கள் மாடியில் கட்டிய இரண்டு அறைகளும் வெள்ளையடித்த வாசனையோடு அப்படியே பூட்டிக் கிடந்தன. அக்கா அந்தப் படியே ஏறவில்லை. சென்னையிலிருந்து உங்கள் மகள் தினமும் போனில், “இங்க வந்துரும்மா” என்கிறாள். அக்காவும் அரை மனதாகப் பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கியிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து விருதுநகரிலிருந்து ஒரு குடும்பம் கூப்பிட்டது. போன சீசனிலேயே நீங்கள் அறை தருவதாகச் சொன்னீர்களாமே? அக்காவுக்கு என்ன தோன்றியதோ, “வாங்க” என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் கொடி ஞாபகம் வந்தது. கட்டில் போட்டீர்கள், விசிறி மாட்டினீர்கள், கண்ணாடிகூட மாட்டினீர்கள். ஈரத்துணி போட ஒரு கொடி கட்டாமல் போய்விட்டீர்களே! குற்றாலத்துக்கு வருகிறவர்கள் விடிந்ததும் ஒரு குளியல், சாப்பிட ஒரு குளியல், சாப்பிட்டது செரிக்க ஒரு குளியல் என்று இருப்பவர்கள். சாரலில் வெளியே போட்டால் துணி காயுமா? கொடி இல்லாத அறையில் ஈரத்துண்டு மெத்தையில்தான் படுக்கும்.

அவர்கள் வரவேண்டிய அன்று காலையில் நான் குத்துக்கல்வலசையிலிருந்து வந்து இறங்கினேன். “தென்காசியில புது மிஷின் ஒண்ணு வாங்கிட்டு வாரேன்க்கா, கொக்கி மாட்டிருவோம்” என்றேன். அக்காவுக்கு முகம் மாறிவிட்டது.

“ஏலே, அந்த ரெண்டு ரூம்ல ஒவ்வொரு ஸ்குருவும் அவுக முடுக்குனது. கொடியும் அவுக மிஷின்லதான் போடணும். அது ஓடலன்னா எனக்கு ஒண்ணும் வேண்டாம். அவங்கள வரவேண்டாம்னு சொல்லிட்டு, வீட்டப் பூட்டிட்டு மக கூடப் போயிருதேன்.”

சாமியிடம் பூ கேட்பது போல ஒரு ட்ரில் மிஷினிடம் உத்தரவு கேட்கிறாள்! பரண்மேல் ஈரக்காற்றில் கிடந்த மிஷினை இறக்கினேன். ப்ளக்கில் மாட்டினால் ஓடியது. ஆனால் அதன் வாயில் ஓட்டை போடுகிற பிட்டு ஒன்று துருவேறி நின்றது. நீங்கள் கடைசியாகக் கீழ்வீட்டு அலமாரிக் கதவில் வேலை செய்ததைப் பார்த்தவன் நான். ஆகவே என்ஜினீயர் தோரணையில், “இது மரத்துக்குப் போடுத பிட்டுக்கா. கழத்திட்டு சுவருக்குள்ளத மாட்டணும்” என்று தீர்ப்பு சொன்னேன்.

கழற்ற வந்தால்தானே? பிட்டைக் கவ்வுகிற அந்தச் சக்கு, சாவி போட்டு இறுக்குகிற பழைய ரகமா, இல்லை. கையாலேயே திருகுகிற புது ரகம். எத்தான், தெரியாமல்தான் கேட்கிறேன், பிட்டு எங்கே ஓடிவிடும் என்று அப்படி இறுக்கினீர்கள்? நீங்கள் மூடிய ஊறுகாய் பாட்டிலை அக்கா சுத்தியலால் தட்டித்தானே திறப்பாள். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, மிஷினைத் தொடையில் வைத்து இடதுபக்கமாகத் திருகினேன். கை சிவந்தது. அப்போதுதான் நல்லெண்ணெய் யோசனை வந்தது. ஊற்றினேன், தேய்த்தேன், ஊறவிட்டேன். அதன் பிறகு சக்கு விரால் மீன் மாதிரி வழுக்க ஆரம்பித்தது.

பக்கத்து வீட்டு இன்ஸ்பெக்டர் அண்ணாச்சி மதில்மேல் முளைத்தார். அவர் ரிட்டயர் ஆனாலும் மீசை இன்னும் டூட்டியில்தான் இருக்கிறது.

“என்னடே, வாயத் திறக்க மாட்டேங்குதா? ரெண்டு தட்டு தட்டு. திறக்காத வாய் உண்டா?”

“அண்ணாச்சி, இது ஒண்ணும் திருடலையே.”

“திருடாதவன்தாம்டே ரொம்ப அழுத்தமா இருப்பான்.”

நான் சுத்தியலை எடுத்ததும் அக்கா வந்து பிடுங்கிக்கொண்டாள். “அடிச்சே, கையை ஒடிச்சிருவேன்.” பிறகு படியில் உட்கார்ந்து, விருதுநகர் நம்பரைத் தேட போனை எடுத்தாள். “போதும்லே. ஒங்கத்தானுக்கே இஷ்டமில்ல போல.”

கடைசியாக ஒருமுறை மூச்சைப் பிடித்துத் திருகினேன். அக்கா போனை இறக்கினாள்.

“நில்லு. எந்தப் பக்கம் திருகுத?”

“இடது பக்கம்தான். பாட்டில் மூடி மாதிரி.”

“பாட்டில் மூடி உன்னயப் பாத்துல்லா இருக்கும்? இது மூஞ்சிய அங்கன திருப்பிக்கிட்டு நிக்கி. கூறு கெட்ட பயலே, நீ காலையில இருந்து முடுக்கிக்கிட்டுல்லா இருக்க!”

நீங்கள் இறுக்கியது பத்தாதென்று நானும் இறுக்கியிருக்கிறேன், எத்தான். மதில்மேல் மீசை குலுங்கியது.

அக்கா உள்ளே போய்ச் சீயக்காய்த் தூளைக் கொண்டுவந்தாள். எண்ணெய் தேய்த்த பிள்ளைக்குத் தேய்ப்பது போலச் சக்கு முழுக்க வறட்டுத் தூளைத் தேய்த்துத் துடைத்தாள். குக்கரின் பழைய ரப்பர் வளையத்தைச் சக்கின்மேல் இறுக்கிச் சுற்றினாள். மிஷினின் மூஞ்சி அவள் பக்கம். சக்கின் பின்பாதி வளையத்தை நான் பைப் ரென்ச்சால் பிடித்துக்கொண்டேன். இருவரும் தரையில் உட்கார்ந்து, காலோடு கால் முட்டுக்கொடுத்து, தேர் வடம் இழுப்பது போல முக்கினோம்.

“விட்டுராதல… விட்டுராத…”

‘க்ளக்’.

பிட்டு அக்கா மடியில் விழுந்தது. நான் மல்லாந்து எண்ணெய்க் கிண்ணத்தில் விழுந்தேன். எத்தான், அக்கா சிரித்தாள். கார்த்திகைக்கு அப்புறம் முதல் முறையாக, கண்ணில் தண்ணீர் வர, மூச்சுமுட்டச் சிரித்தாள். “இவன் இப்பிடிக் கெடக்கத அவுக பாக்கலையே!” என்றாள். பார்த்தீர்களா, இல்லையா?

பிறகு வேலை வேகமாக நடந்தது. அக்கா தானே மாடிப்படி ஏறினாள். “நவுரு, ஒண்ணு நான் போடுதேன்” என்று மிஷினை வாங்கிச் சுவரில் வைத்து அழுத்தினாள். தலையெல்லாம் சிமெண்டுத் தூசி. இறங்கி வரும்போது உங்களைப் போலவே இருந்தாள், மீசைதான் இல்லை.

விருதுநகர்க்காரர்கள் அருவிக்குப் போய்விட்டு நேரே சொட்டச் சொட்ட வந்தார்கள். கொடி தாழும் அளவுக்குத் துணி போட்டார்கள். அக்கா வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மகள் கூப்பிட்டபோது, “ஏட்டி, கார்த்திகையில ஐயப்ப சாமிமார் வருவாகல்லா? அதுக்குள்ள இன்னும் ரெண்டு கட்டில் வாங்கணும். ஒனக்கு லீவு கெடச்சா நீ இங்கன வா” என்றாள். பாத்திர மூட்டைகளை மறுநாள் அவளே அவிழ்த்துவிட்டாள்.

நான் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி ஒவ்வொரு வேலை முடிந்ததும் பிட்டைக் கழற்றி, சக்கைத் துடைத்து, ஈரம் படாத இடத்தில் வைப்பேன். திருகும் முன் அதன் மூஞ்சி எந்தப் பக்கம் என்று பார்ப்பேன். அக்காவுக்கு ஆணி, கொக்கி, எதுவானாலும் கூப்பிட்ட உடனே வந்து நிற்பேன். நல்லெண்ணெயை மட்டும் கொண்டுவர மாட்டேன்.

இன்னும் எண்ணெய் வாசனை போகாத சட்டையோடு,
உங்கள் ஒரே மச்சினன்.

பின்குறிப்பு: அக்கா மடியில் விழுந்த பிட்டைத் துருப்போகத் துடைத்துப் பார்த்தோம். அது மரத்துக்கானது இல்லை, சுவருக்கானதுதான். கொடிக் கொக்கிக்குக் கச்சிதமான அளவு; அதற்கென்றே மாட்டி வைத்துவிட்டுத்தான் போனீர்களா, எத்தான்? அதையே திரும்ப மாட்டித்தான் எல்லா ஓட்டையும் போட்டோம்.