நெஞ்சு வந்தாச்சு

சான் வலேரியோ,
6 அக்டோபர் 1974

என் செல்ல மகள் நொயேமிக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது, நான் விடவில்லை. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் சின்ன ஆளும் நலமா? ஜனவரி என்று எழுதியிருந்தாய். அந்தப் பனியில் ஏன்தான் பிறக்கிறதோ. உன்னைக் கொண்டிருந்தால் அவசரப்படும், உன் அம்மாவைக் கொண்டிருந்தால் சொன்ன தேதிக்கு வரும், என்னைக் கொண்டிருந்தால் ஒரு வாரம் யோசிக்கும்.

இங்கே சக்கை வர ஆரம்பித்துவிட்டது. திராட்சையைப் பிழிந்து நல்லதையெல்லாம் ஒயின்காரர்கள் வைத்துக்கொண்டு, தோலையும் விதையையும் வண்டி வண்டியாக நம் வடிசாலை வாசலில் கொட்டுகிறார்கள். என்னையும் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்பில் பிழிந்து எறிந்துவிட்டது. சக்கையோடு சக்கையாக முப்பத்தோரு வருஷம் ஓடிவிட்டது. திராட்சை இனங்களில் மொஸ்காத்தோ முடிந்தது, அடுத்த வாரம் தெரோல்தெகோ, கடைசியில் நொசியோலா.

ஒரு வருத்தமான செய்தி. தானிலோவை எஜமானி எர்மீனியா அம்மா வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். மொஸ்காத்தோ முழுத்தொட்டியிலும் தலை கலந்துவிட்டது. உன் வீட்டுக்காரர் பெர்காமோக்காரர், அவருக்கு இது புரியாது, நீ எடுத்துச் சொல். கொதிகலனிலிருந்து முதலில் இறங்குவது தலை. பசை மாதிரி நாறும், கண்ணுக்கும் கெடுதி. அது போனபிறகு வருவதுதான் நெஞ்சு, நாம் குடிக்கும் கிராப்பாச் சாராயம். கடைசியில் வருவது வால். நான் உள்ளங்கையில் நாலு சொட்டு வாங்கித் தேய்த்து மோந்து பார்த்து, "நெஞ்சு வந்தாச்சு!" என்று கத்துவேன். அப்போது குழாயை நல்ல தொட்டிப் பக்கம் திருப்புவது தானிலோவின் வேலை. இந்தத் தடவை நான் கத்துவதற்கு முன்பே திருப்பிவிட்டானாம். என்ன செய்வது. மூன்று பிள்ளைகள் அவனுக்கு. இப்போது மரம் அறுக்கும் ஆலைக்குப் போகிறான்.

உன் அம்மாவுக்கு வயதாக ஆகப் பேச்சு கூடிவிட்டது. முன்பெல்லாம் பேசாமல் சமைப்பாள். இப்போது, "ரெமிஜியோ, காபி பொங்கிடுச்சு", "ரெமிஜியோ, மண்வாசம் வருது, மழைதான்", "ரெமிஜியோ, பொலேந்தாக் களி அடி பிடிக்குது" என்று நாள் முழுக்க வானொலி. நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீ கேட்ட குப்பியை ஆப்பிள் லாரிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் கல்யாண வருஷத்து மொஸ்காத்தோ. ஞானஸ்நானத்தன்று காபி குடித்த கோப்பையில் எல்லாருக்கும் ஒரு சொட்டு ஊற்றுங்கள். கோப்பையைக் கிராப்பாவால் கழுவிக் குடிக்காமல் நம் வீட்டில் எந்த விருந்தும் முடிந்ததில்லை. சுவிட்சர்லாந்து என்பதற்காக விட்டுவிடாதே.

முத்தங்களுடன்,
உன் அப்பா ரெமிஜியோ

*

பீல்,
20 அக்டோபர் 1974

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதமும் குப்பியும் ஒரே நாளில் வந்தன. நாங்கள் நலம். கால் வீங்குகிறது, கடிகாரத் தொழிற்சாலையில் உட்கார்ந்து செய்யும் வேலையாக மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்பா, நான் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். நேற்று இவருக்குச் சளி. "உங்கப்பா அனுப்பினதுல ஒரு வாய் போட்டா சரியாகும்" என்று குப்பியைத் திறந்து சின்னக் கோப்பையில் ஊற்றிவிட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். வாசம் அங்கே வரைக்கும் வந்தது. "வைங்க! கீழ வைங்க அதை!" என்று நான் கத்திய கத்தலில் மேல்மாடிக்காரர் இறங்கி வந்துவிட்டார். நல்லவேளை, உதட்டில் படவில்லை.

அது மொஸ்காத்தோ இல்லை, அப்பா. தலை. நம் வீட்டில் சன்னல் கண்ணாடி துடைக்கவும் உங்கள் முழங்காலில் தேய்க்கவும் வைத்திருக்கும் அதே தலை. நகச்சாயம் மாதிரி நாறுகிறது. நம் வீட்டில் எந்தக் குப்பிக்கும் பெயர் எழுதியதில்லை. "மூக்கு இருக்கறப்ப எழுத்து எதுக்கு?" என்பீர்கள். அடைப்பான் போட்டபடியே எது மொஸ்காத்தோ, எது சதாப்பிலை போட்டது, எது பீப்பாயில் கிடந்தது என்று சொல்வீர்களே!

நேற்று முழுக்க உங்கள் பழைய கடிதங்களை எடுத்து வைத்துப் படித்தேன். நான் இங்கே வந்த ஆறு வருஷமாக உங்கள் கடிதம் ஒவ்வொன்றும் வாசத்தில்தான் தொடங்கும். "இன்றைக்கு இங்கே வாசம்: ஈர வைக்கோல், தபால்காரரின் வேர்வை." படித்ததுமே எனக்கு ஊர் வந்துவிடும். ஆகஸ்டில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. அதற்குப் பிறகு நாலு கடிதம். ஒன்றில்கூட வாசம் இல்லை.

தானிலோ எத்தனை வருஷமாக அந்தக் குழாயில் நிற்கிறான்? நீங்கள் சொல்வதற்கு முன் ஒருநாளாவது திருப்பியிருக்கிறானா?

எனக்கு உண்மையை எழுதுங்கள்.

உங்கள் நொயேமி

*

சான் வலேரியோ,
27 அக்டோபர் 1974

என் மகளுக்கு,

மாப்பிள்ளை குடிக்கவில்லையே, அதற்காக மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி. ஏற்றிவிட்டேன்.

உன் அம்மா அலமாரியைச் சுத்தம் செய்து குப்பிகளை இடம் மாற்றி வைத்துவிட்டாள், அதுதான் குழப்பம். அவசரத்தில் நானும் பார்க்கவில்லை. வாசத்தைப் பற்றி எழுதாததற்குக் காரணம், எழுதி எழுதி அலுத்துவிட்டது. கிழவனுக்கு எத்தனை தடவைதான் வைக்கோல் நாறும்? தானிலோ விஷயம் எஜமானி முடிவு, என்னுடையதல்ல.

இங்கே தெரோல்தெகோ வந்துவிட்டது. ஓட்டம் நன்றாகவே இருக்கிறது. வேறு குப்பி அனுப்புகிறேன்.

அப்பா

*

பீல்,
3 நவம்பர் 1974

அப்பா,

வேறு குப்பி வேண்டாம். அம்மா மேல் பழி போட்ட கடிதத்துக்கு வேறு பதிலும் இல்லை.

உங்களுக்கு மூக்குப் போனதற்கு நான் அழுதேன். அது உங்கள் தப்பில்லை. ஆனால் தானிலோவின் வேலை போனது உங்களால். இன்றைக்கும் நீங்கள்தான் அந்தக் கொதிகலன் பக்கத்தில் நின்று ஊகத்தில் கத்துகிறீர்கள். எஜமானியிடம் போய்ச் சொல்லும்வரை எனக்குக் கடிதம் போடாதீர்கள். போட்டாலும் பிரிக்கமாட்டேன். இது என் பிள்ளை மேல் ஆணை.

நொயேமி

*

சான் வலேரியோ,
24 நவம்பர் 1974

நொயேமி,

சொல்லிவிட்டேன். பிரித்துப் படிக்கலாம்.

உன் கடிதத்தை ஒரு வாரம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். திங்கள்கிழமை காலை எஜமானி அறைக்குப் போனேன்.

"என்ன ரெமிஜியோ, முழங்காலா?"

"இல்லீங்கம்மா. மூக்கு."

"மூக்குக்கு என்ன?"

"போயிடுச்சு. ஆகஸ்ட் காய்ச்சலோட."

அவர்கள் அலமாரியிலிருந்து ஒரு குப்பியை எடுத்துத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். "இது என்ன, சொல்லு."

"குப்பிங்கம்மா."

சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை, வாய் பழக்கம். "உள்ளே இலை மிதக்குது, அதனால சதாப்பு. கண்ணாலதான் சொல்றேன். மூக்குல ஒண்ணும் ஏறல."

"அப்ப அந்த மொஸ்காத்தோ?"

"நான் கத்தின பிறகுதான் தானிலோ திருப்பினான். திருப்பறதுக்கு முன்னாடி, 'மாமா, இன்னும் கொஞ்சம் போகட்டுமே, காரமா இருக்கே'ன்னும் சொன்னான். 'மூக்கு உனக்கா எனக்கா?'ன்னு கேட்டேன். அப்புறம் நீங்க விசாரிச்சப்ப, அவனே முந்திக்கிட்டான்னு சொன்னேன்."

எர்மீனியா அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு, "முப்பத்தோரு வருஷம் உன் வாயில வந்த ஒரு வார்த்தைக்கு என் அப்பாவும் நானும் தொட்டியைத் திறந்தோம், ரெமிஜியோ. மூக்கு போனது எனக்குப் பெரிசில்ல" என்றார்கள். மீதியைச் சொல்லவில்லை. "இதை முதல்ல அவன் வீட்டுல போய்ச் சொல்லு. அப்புறம் எல்லாரும் இருக்கறப்ப கொதிகலன்கிட்ட நின்னு சொல்லு."

தானிலோ வீட்டுக்குப் போனேன். அவன் பெண்டாட்டி லொரெத்தா, பாவம், விஷயம் தெரியாமல் காபி ஊற்றிக் கொடுத்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை அவன் கையிலிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

"நீங்க சொல்லுவீங்கன்னு உங்க முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னேன், மாமா. ஒரு வார்த்தை போதும். நீங்க குனிஞ்சு உங்க செருப்பைப் பார்த்தீங்க."

"ஆமா."

"எம் பொண்ணை வகுப்புல கேக்கறாங்க, உங்கப்பன்தான் கிராப்பாவைக் கெடுத்தவனான்னு."

எதற்கும் ஒரு வேடிக்கை வைத்திருப்பேனே, அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. காபியைக் குடித்து முடித்தேன். கோப்பையை மேசையில் வைத்தேன். கிராப்பா குப்பி அவன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. லொரெத்தா அவனைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையசைத்தான். அவள் என் கோப்பையில் ஒரு சொட்டும் ஊற்றாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இந்தப் பள்ளத்தாக்கில் ஒருவனை வெளியே போ என்று சொல்ல இதைவிடப் பெரிய சொல் கிடையாது. எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் கொதிகலன் பக்கத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன். தானிலோவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இப்போது உள்ளங்கையில் வாங்கி மோந்து பார்ப்பவன் அவன். "நெஞ்சு வந்தாச்சு!" என்று அவன் கத்துகிறான், நான் குழாயைத் திருப்புகிறேன். ஒரு நொடி முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. வேலை நேரத்தில் அந்த ஒரு வார்த்தை தவிர என்னிடம் வேறு பேசுவதில்லை.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். "எனக்கு ஆகஸ்ட்லயே தெரியும்" என்றாள். "சட்டியில பால் கருகுது, நீங்க பக்கத்துலயே உக்கார்ந்து செய்தித்தாள் படிக்கறீங்க. அதான் எல்லாத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டிருந்தேன். நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன்." உன்னிடம் வயசுக்கோளாறு என்று எழுதியிருந்தேன் அல்லவா? அதை அவளுக்குப் படித்துக் காட்டிவிடாதே.

அலமாரி முழுக்கப் பெயர்ச்சீட்டு ஒட்டிவிட்டாள். முழங்கால் குப்பியில் "இது ரெமிஜியோவுக்கு மட்டும்" என்று எழுதியிருக்கிறாள்.

உன் அப்பா

*

பீல்,
16 பிப்ரவரி 1975

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இன்றைக்கு இங்கே வாசம்: ஈரக் கம்பளி, அணைத்த மெழுகுவத்தி, பேரனின் உச்சந்தலை. அது எப்படி இருக்கும் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. வெதுவெதுப்பான ரொட்டி மாதிரி, கொஞ்சம் புளித்த பால் மாதிரி.

இன்று ஞானஸ்நானம் முடிந்தது. பெயர் சாந்த்ரோ. அம்மாவைப் போலவே சொன்ன தேதிக்கு வந்தான் என்று முன்பே எழுதியிருந்தேன். நேற்று ஆப்பிள் லாரிக்காரர் ஒரு குப்பி கொண்டுவந்து கொடுத்தார். நீங்கள் அனுப்பினதாக நினைத்துப் பிரித்தேன். பெரிய பெரிய எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "நொசியோலா, நவம்பர் 74. நெஞ்சு மட்டும். மோந்தவன் தானிலோ. குழாய் திருப்பியவர் ரெமிஜியோ."

இதைப் பற்றித் தானிலோ உங்களிடம் சொன்னானா? சொல்லியிருக்கமாட்டான் என்று தோன்றுகிறது.

பச்சை ஹேசல் கொட்டையை உடைத்த வாசம், அப்பா. அடியில் கொஞ்சம் பேரிக்காய். பசை நாற்றம் துளியும் இல்லை. எல்லாரும் கோப்பையைக் கழுவிக் குடித்தோம். மேல்மாடிக்காரரும் கழுவினார். மேசையில் உங்களுக்கும் ஒரு கோப்பை வைத்திருந்தோம், அதை நான் கழுவிக் குடித்தேன்.

இனி உங்கள் கடிதத்தின் முதல் வரியை அம்மாவைக் கேட்டு எழுதுங்கள்.

முத்தங்களுடன்,
நொயேமி

*

சான் வலேரியோ,
2 மார்ச் 1975

என் செல்ல மகளுக்கு,

இன்றைக்கு இங்கே வாசம், உன் அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: பனி இளகிய மண், கத்தரித்த திராட்சைக் கொடி, பழைய சாம்பல், என் சட்டை. சட்டையை எழுதாதே என்று கெஞ்சினேன், எழுதினால்தான் ஆயிற்று என்கிறாள்.

தானிலோ எதுவும் சொல்லவில்லை. உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. நேற்று மதியம் பீப்பாய் கழுவினோம். காபி வந்தது. குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைக்கப் போனேன், இப்போதெல்லாம் எனக்கு யாரும் கிராப்பா ஊற்றுவதில்லை, அப்படித்தான் பழகிவிட்டேன்.

"நீட்டுங்க மாமா" என்றான்.

நீட்டினேன். ஊற்றினான். எனக்கு வாசம் ஒன்றும் தெரியவில்லை. தொண்டையில் சூடாக இறங்கியது மட்டும் தெரிந்தது.

உன் அப்பா ரெமிஜியோ