வாத்தியாருக்குக் கொடுக்காத அறை

அன்புள்ள அப்பாவுக்கு,

நம் குற்றாலம் விடுதிக்குக் குடும்பத்தோடு வந்த பாவூர்சத்திரம் வாத்தியாரை, சாதி கேட்டு மழையில் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். தங்கை எழுதினாள்.

"ஏட்டி, அவனுக்கு ரூம் குடுத்தா மத்தவன் எவனும் வரமாட்டான், யாவாரம் படுத்துரும்" என்று அவளிடம் சொன்னீர்களாம். படுக்கட்டும். ஆளைத் தரம் பிரிக்கவா நாம் தொழில் தொடங்கினோம்?

சாரலில் உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே பம்பாயில் ஒரு வீட்டுக்காரர், "மதராசியா, இடமில்லை" என்று கதவைச் சாத்தினார். சிரித்துக்கொண்டே நண்பன் அறைக்கு வந்துவிட்டேன், கவலை வேண்டாம். நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள். பொட்டலத்தின் மேல் முகவரியை அம்மாவே எழுதட்டும், அவள் கையெழுத்தைப் பார்த்து நாளாகிறது.

வேலைக்கு நேரமாகிறது. நீங்களே வாத்தியார் வீட்டுக்குப் போய், காப்பி கொடுத்தால் வாங்கிக் குடித்துவிட்டு, குடும்பத்தோடு வந்து தங்கக் கூப்பிடுங்கள். என்றைக்குப் போகிறீர்கள்?

உங்கள் மகன்,
காந்திமதிநாதன்